வாசலில் கிடந்த ஷூக்கள்

வாசலில் ஒரு ரப்பர் செருப்புகூட இல்லை. முதியோர் இல்லம் என்றால் தேய்ந்த செருப்பு நாலு கிடக்க வேண்டும், ஒரு கைத்தடியாவது சாய்ந்திருக்க வேண்டும். இங்கே சுவரோரமாக வரிசையில் இருந்தவை விலை உயர்ந்த தோல் ஷூக்கள், காலையில் ஓடுகிறவர்கள் போடும் வண்ண ஷூக்கள், பெண்களின் குதிகால் உயர்ந்த செருப்புகள். எல்லாவற்றின் மேலும் தூசி. ஒரு ஷூவுக்குள் சிலந்தி வலை பின்னி, அந்த வலையும் பழசாகித் தொங்கியது.

பாலகணேஷ் தன் புது ஷூக்களைக் கழற்றியபடியே அதைப் பார்த்து மகிழ்ந்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்துபோகும் இடம் என்று முடிவு கட்டினான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவனுக்கு ஆளைக் காலில் இருந்து எடைபோடத் தெரியும். ஷூ போட்டு வந்தவர்கள் வெறுங்காலோடு எப்படித் திரும்பிப் போனார்கள் என்று கேட்கத்தான் தெரியாது.

அத்தை இசக்கியம்மாள் டிரைவர் கரீமுல்லாவோடு காரில் இருந்தாள். தாயில்லாத பாலகணேஷைத் தோளில் போட்டு வளர்த்தவள். இப்போது மறதி முற்றிவிட்டது. கடைக்குள் வந்து நின்று, "வாங்காதீய தாயி, ஒரு தண்ணிக்குத் தாங்காது, சாயம் போயிரும்" என்று வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். தன் மகள் அனுப்ரியாவின் நிச்சயதார்த்தத்துக்கு முன் அவளை எங்காவது தள்ளிவிட வேண்டும். கண் டாக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லித்தான் அடையாறுக்குக் கூட்டி வந்திருந்தான். அதில் அவனுக்குக் கூச்சம் ஏது? வருஷம் முழுக்க ஆடித் தள்ளுபடி பலகை மாட்டுகிறவன்.

ஆதம்பாக்கத்து இல்லத்தில் மூத்திர நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறியிருந்தான். நங்கநல்லூரில் ஒரு கிழவர் ஓயாமல் கத்தினார். இங்கே நாற்றமும் இல்லை, சத்தமும் இல்லை. தைலம், டெட்டால், சாம்பார் எதுவுமே மணக்கவில்லை. தெருவில் கேட்ட பஸ் ஹாரன்கூட வாசற்படியோடு நின்றுபோயிருந்தது.

கூடத்து நாற்காலிகளில் கிழவர்களும் கிழவிகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள்; இடுப்பில் நிற்காமல் தொளதொளத்தது. ஒரு கிழவர் மடியில் கார் சாவியை இறுகப் பிடித்திருந்தார். சாகிற வயசில் இதுகளுக்கு ஜீன்ஸ் ஒரு கேடு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான் பாலகணேஷ்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவானை முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். "வா சார். பாட்டிம்மா எங்க கீறாங்கோ?"

இந்தக் கொச்சைப் பேச்சுக்காரியிடமா பேச வேண்டும் என்று முகத்தைச் சுளித்தான். "கார்ல இருக்காங்க. நான் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. சாவியைப் பிடித்திருந்த கிழவர் முணுமுணுத்தார். "சும்மா... பாத்துட்டுப் போலாம்னு..."

தேவானை அவர் தோளைத் தட்டினாள். அவர் அடங்கினார்.

"எல்லாரும் அப்டித்தான் சார் வர்றாங்கோ," என்றாள்.

உள்ளறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் யாரோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். மற்றொன்று காலி. கை வைத்துப் பார்க்காமல் அவன் எந்தச் சரக்கும் எடுத்ததில்லை. பெட்ஷீட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். பாலியஸ்டர் கலப்பு. மட்டமான சரக்குத்தான், அத்தைக்கு இது போதும்.

"மெத்தை எப்படி?"

"படுத்துப் பாத்தாதான சார் தெரியும்."

அவனை ஏமாற்றிவிட முடியுமா என்ன? படுத்துப் பார்த்தான்.

மெத்தையில் ஒரு பள்ளம் இருந்தது. அவன் தோளுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்தது போல் சரியாகப் பொருந்தியது. சுகமாக இருந்தது. ஜன்னலில் சாயங்கால வெயில் மஞ்சளாகி, பழுப்பாகி, கொடுக்காப்புளி மரத்து நிழல் கம்பிகளைத் தாண்டி மெல்ல அவன் காலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, மார்பில் வந்து உட்கார்ந்தது. எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தான்.

கால் வரவில்லை.

ஒரு நாற்றம் எழுந்தது. மூத்திரம். தைலம். ஆதம்பாக்கத்தில் மூக்கைப் பொத்தினானே, அதே நாற்றம். அவன் சட்டைக்குள் இருந்துதான் வந்தது.

"மொத நாளு அப்டித்தான் கீறும்," என்றாள் தேவானை. "அப்றம் ஒண்ணும் தெரியாது."

கையைத் தூக்கினான். தோல் தொங்கியது. மோதிரம் கழன்று விழுந்தது. பயம். இதுவரை அறியாத பயம்.

வாசலில் வளையல் சத்தம். அத்தை. காத்திருந்து சலித்து அவளே இறங்கி வந்திருந்தாள். கட்டிலருகே வந்து குனிந்தாள். அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் இரக்கம் இருந்தது. அடையாளம் தெரிந்த சாயல் மட்டும் இல்லை.

"பாவம், பெரியவருக்குப் பிள்ளை குட்டி இல்லியாம்மா?"

"கீறாங்கோ. வரமாட்டாங்கோ."

"எங்க கணேசு உள்ள வந்தானே, எங்க போயிட்டான்?"

"அவரு அப்பவே போய்ட்டாரும்மா. நீங்க வண்டியில ஏறுங்கோ."

இசக்கியம்மாள் போர்வையை இழுத்து அவன் மார்பு வரை போர்த்திவிட்டாள். சின்ன வயதில் போர்த்திவிட்ட அதே கை. பிறகு மெல்ல நடந்து போனாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாசலில் தேவானை அவனுடைய புது ஷூக்களைக் காலால் தள்ளி வரிசையில் சேர்த்தாள்.

அத்தை என்று கத்தினான். உயிரைத் திரட்டிக் கத்தினான்.

"சும்மா," என்றது அவன் வாய். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சுவரை விட்டுத் திரும்பி, பல்லில்லாத வாயால் அதை முடித்து வைத்தார்.

"...வந்தேன்."