கிரீஸ் தங்காத புதர்வெட்டி

மூன்றாம் நாள் காலையும் கிரீஸைக் காணோம்.

முந்தின சாயங்காலம் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய புதர்வெட்டியின் அத்தனை மூட்டுகளிலும் வெளியே பிதுங்கும்வரை அடைத்துவிட்டுத்தான் நேசையா வீட்டுக்குப் போயிருந்தான். விடிந்து வந்து பார்த்தால், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இரும்பு வெறுமையாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. விரலை வைத்துத் தேய்த்தான், கறைகூட ஒட்டவில்லை.

பயத்துக்கு முன்னால் அவனுக்குக் கோபம்தான் வந்தது. இந்த இழவு வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவன் அவன். பாளையங்கோட்டையில் நூர்முகம்மதுவின் பழைய சாமான் கிடங்கில் இரண்டு புதர்வெட்டிகள் கிடந்தன. சின்னதில் கல்லில் பட்டால் மடங்கிக்கொள்ளும் கனத்த கத்திகள், சில்லு தெறிக்காமல் சுற்றிலும் சங்கிலித் தொங்கல். சீமைக் கருவேல முள்காட்டுக்கு அதுதான் தோது. டிராக்டர் முதலாளி அம்மையப்பனோ அகலமானதைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டார்.

"அண்ணாச்சி, அத ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாவ," என்றார் நூர்முகம்மது.

"அவனுவளுக்கு ஓட்டத் தெரியல வே," என்றார் அம்மையப்பன்.

ஓட்டுவது யார்? நேசையா. ஏச்சு வாங்குவது யார்? அதுவும் நேசையாதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நேற்று நாலு பேர் பார்க்க, "கிரீஸத் திருடி விக்கியாலே? நாளைக்கும் காஞ்சு கெடந்தா சாவியக் குடுத்துட்டுப் போயிரு," என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் அவர் வண்டியை ஓட்டியவனுக்குத் திருட்டுப் பட்டம். அந்தப் பட்டத்தோடு போனால் ஏரலிலிருந்து சாத்தான்குளம் வரை எவன் வண்டியைக் கொடுப்பான்?

இன்று அவன் விடுவதாக இல்லை. மறுபடியும் கிரீஸை அடைத்தான். புதர்வெட்டியைத் தூக்கி அடியில் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பத்தடி தள்ளிப் பனை நிழலில் உட்கார்ந்தான். வெட்டிப் போட்ட முள்ளின் பச்சை வாடை, சூடான டீசல் வாடை, பனையோலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சரசரப்பு, அதற்கு அப்பால் எங்கோ ஒரு கவுதாரி. வெயில் ஏற ஏறக் கவுதாரி நின்றது. பிறகு ஓலையும் நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கன்று மடி சப்புகிற சத்தம். நிதானமாக. ஈரமாக.

எழுந்து போனான். ஒவ்வொரு மூட்டிலும் பிதுங்கி நின்ற கிரீஸ் பைய உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒன்று முடிந்தது. அடுத்தது. சத்தம் நின்றது. நேசையாவின் முதுகில் வேர்வை குளிர்ந்தது.

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அம்மையப்பன் வந்தார். பார்த்தார்.

"இன்னைக்கும் வைக்கலியாலே, திருட்டுப்பயலே?"

"வச்சேன் அண்ணாச்சி. என் கண்ணு முன்னாலதான் போச்சு."

"இரும்பு தின்னுச்சோ?"

பயம் போய்விட்டது. நெஞ்சு முழுக்க எரிந்தது. "நம்பலன்னா நீங்களே அடியில கைய விட்டுப் பாருங்க," என்றான். சொல்லும்போதே, சொல்லக் கூடாததைச் சொல்கிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னான்.

அம்மையப்பன் மண்டியிட்டு வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. சாவி நேசையாவின் கையில். கத்தி அசையவில்லை.

அந்தச் சத்தம் மட்டும் மறுபடி கேட்டது.

"ஒண்ணுமில்லியேலே. ஒரு பொட்டு கிரீஸ் இல்ல," என்று கையை வெளியே இழுத்தார். ரத்தம் இல்லை. காயம் இல்லை. தோளிலிருந்து விரல்வரை சதையே இல்லை. காய்ந்த பனைமட்டை போல எலும்பில் ஒட்டிய தோல் மட்டும். அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த விரலையே நேசையாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பொய்யாலே சொல்லுதே? இரு, அந்தப் பக்கமும் பாத்திருதேன்."

இடது கையை உள்ளே விட்டார்.

வேண்டாம் அண்ணாச்சி. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது.

திருட்டுப்பயல்.

நேசையா வாயை மூடிக்கொண்டான். அம்மையப்பன் ஏசிக்கொண்டே, தலையையும் உள்ளே நுழைத்தார்.