முன்வரிசை நாற்காலிகள்

ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் பழைய சினிமா நாற்காலிகள். வெள்ளிக்கிழமை மதியம் ஓமானில் சோஹாரின் அந்தச் சீனக் கொட்டகையை ஜெபசீலன் திறந்தபோது, பின்வரிசைகளெல்லாம் ஒழுங்காக மடங்கித்தான் இருந்தன. முன்வரிசை மட்டும் விரிந்து கிடந்தது. அதிலும் ஓரத்து நாற்காலி ஒன்று மடங்கியிருந்தது.

“ஸ்பிரிங் போயிருக்கும்,” என்றான். ஏசி மெக்கானிக்கிடம் காரணத்துக்கா பஞ்சம்?

வாட்ச்மேன் சாதிக் பாட்ஷா வாசலைத் தாண்டவில்லை. இங்கே கேம்ப் போட்டிருந்த சீனத் தொழிலாளிகள் தாங்களே தகரமடித்துக் கட்டிய கூத்துக் கொட்டகை அது. வருஷத்தில் ஒரு மாதம் முகத்தில் சாயம் பூசி, சேகண்டி தட்டி விடிய விடிய ஆடுவார்களாம். கேம்ப் காலியானதும் வெங்காயக் கிடங்கானது. இப்போது சர்ச் சபைப் பிள்ளைகளின் விழாவுக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏசியைச் சரிசெய்யத்தான் ஜெபசீலன் வந்திருந்தான்.

“முன்வரிசையில ஒருத்தரும் உக்கார மாட்டாங்க தம்பி. வேலையில செத்துப்போன அவங்க ஆளுகளுக்குன்னு விட்ட எடம். ஆட்டம் தொடங்கிட்டா பாதியில நிறுத்தவும் மாட்டாங்க.”

ஜெபசீலன் சிரித்து வைத்தான். ஆனாலும் மகளைக் கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. மனைவி சுகிர்தராணிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. ஆறு வயது அக்ஸாவை ரூமில் தனியாக எப்படி விடுவது?

அவளை மேடையில் ஏற்றிவிட்டான். “விழாப் பாட்டப் பாடிட்டே இரு மக்கா. நிறுத்தாத. சத்தம் கேட்டாத்தான் நீ எங்க நிக்கன்னு அப்பாவுக்குத் தெரியும்.”

திரைக்குப் பின்னால் போய் ஏசியைக் கழற்றினான். அழுகிய வெங்காய வாடையும், அதற்கடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறிவந்த ஊதுபத்திப் புகையும், வெயிலில் தகரம் முனகும் சத்தமும், எல்லாவற்றுக்கும் மேலே அக்ஸாவின் கீச்சுக் குரலுமாக நேரம் போனது. பாட்டு கேட்கும்வரை அவனுக்குப் பயமில்லை.

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

இரண்டாம் சரணத்தில் அக்ஸா எப்போதும் நிறுத்தி மூச்சு வாங்குவாள். வாங்கவில்லை. மூன்றாவதிலும் வாங்கவில்லை.

குளிர்ந்தது. ஏசி இன்னும் ஓடவில்லை.

“மக்கா, போதும். நிறுத்து.”

பாட்டு நிற்கவில்லை.

திரையைக் கிழித்துக்கொண்டு ஓடினான். மேடையில் யாருமில்லை.

முன்வரிசையில் ஓரத்து நாற்காலியும் விரிந்திருந்தது. அதனடியில் அக்ஸாவின் ரோஸ் நிறச் செருப்புகள். ஜோடியாக, ஒழுங்காக. அவள் ஒருநாளும் அப்படிக் கழற்றி வைத்ததில்லை.

மேடை நடுவில், அவன் இடுப்பளவு உயரத்தில், பாட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கியது.