தலை சாய்ந்த இடம்

முந்தைய நாள் அவள் துடைத்த இடத்தில் அந்தக் கறை மறுபடியும் இருந்தது. கட்டிலில் ஒருவர் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தால் தலை படும் உயரம். ஒரு தலையின் அளவு.

கடைசி மாதங்களில் படுத்தாலே மூச்சு முட்டியதால், அவள் கணவர் அங்கே சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். மூச்சை விடும்போதெல்லாம் அதன் கடைசியில், கொதிக்கப்போகும் கெட்டிலைப் போல, மெல்லிய ஒரு விசில் கேட்கும்.

அவர் போன பிறகு அந்த அறையின் ஜன்னலை அவள் திறக்கவில்லை. திறந்தால் அலமாரிச் சட்டைகளில் தங்கியிருந்த வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் கலந்த அவருடைய வாசம் போய்விடுமே என்ற பயம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மூடிக்கிடந்த அந்த அறையில், அவர் வாசத்துக்கு அடியில் வேறொன்று ஊறிக்கொண்டிருந்தது. நனைந்த செய்தித்தாளும் காற்றுப்படாத மண்ணும் சேர்ந்தாற்போன்ற அதை மூக்கு கண்டுகொண்டது, மனம்தான் ஒப்பவில்லை. பக்கத்து அறையில் மகளுக்கு இளைப்பு வந்தது. அப்போதுதான் பயந்தாள்.

"வீட்ல எங்கயாவது ஓதம் அடிக்குதா?" என்றார் டாக்டர். "முதல்ல அத சரி பண்ணுங்கம்மா. இல்லேன்னா நான் என்ன மருந்து குடுத்தும் பிரயோஜனமில்ல."

மறுநாள் தம்பி வந்தான். அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினான்.

"என்னக்கா, காளான் பண்ணை வச்சிருக்க? சொல்லியிருந்தா நானும் பார்ட்னரா சேர்ந்திருப்பேனே."

"வாய மூடிக்கிட்டு முகமூடியப் போடுடா."

சுவருக்குள் கசிந்த குழாயை பிளம்பர் மாற்றிக் கொடுத்தார். அறை வாசலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள், ஜன்னலைத் திறந்து காற்றாடியை வெளியே பார்க்கத் திருப்பினார்கள். அவள் காய்ந்த துணியைச் சுவரில் வைத்ததும் தம்பி கையைப் பிடித்தான்.

"ஐயையோ, அப்படியே தேய்க்காத. தூள் பறந்து வீடு பூரா போய் உக்காந்துக்கும். சோப்புத் தண்ணியில நனைச்சிட்டுத் தேய்."

மெத்தை போனது. சட்டைகள் போயின. ஒவ்வொரு பையின் கழுத்தையும் அவன் இறுக்கிக் கட்டினான். கடைசியில் அவர் தலையணை.

"அத மட்டும் விட்ருடா."

"அக்கா, பூஞ்சை பஞ்சுக்குள்ள போயிட்டா எடுக்கவே முடியாது. உறையத் துவைக்கலாம், உள்ள இருக்கறத என்ன பண்ணுவ?"

"சரி. நானே கட்டிப் போட்டுடறேன்."

அவன் நம்பினான். அவள் புது உறை மாட்டினாள். தம்பி கை வைக்காத இடம் மகளின் அறை ஒன்றுதான். அங்கே கட்டிலுக்கு அடியில் இருந்த இழுப்பறையில், போர்வைகளுக்குக் கீழே, தலையணையைத் திணித்தாள். நல்ல வெயில் வந்ததும் காயவைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வெயில் வரவேயில்லை. ஆனாலும் காற்றாடி ஓடி ஓடிச் சுவர் காய்ந்தது. காய்ந்த பின்பே பெயிண்டர் வந்து வெள்ளை அடித்தார். கறை திரும்பவில்லை. மகளுக்கு இளைப்பு நின்றது. வீட்டில் பெயிண்ட் வாசம் மட்டும் இருந்தது. அது அவளுக்கு ஆறுதலாகவும், கொஞ்சம் துரோகம் போலவும் இருந்தது.

மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு பிற்பகல். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் மழை, குழாயில் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சத்தம். குழாயை மூடினாள். மகளின் அறையிலிருந்து இளைப்பு.

சோப்பு நுரைக் கையோடு இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினாள். கூடத்தைத் தாண்டும்போது குளியலறைக் கதவு திறந்தது. மகள் வெளியே வந்தாள், ஈரத்தலையைத் துவட்டியபடி.

"என்னம்மா, ஏன் ஓடற?"

அறைக்குள் இளைப்பு நிற்கவில்லை.

இழுக்கும் மூச்சு. விடும் மூச்சு. கடைசியில் விசில்.

கதவைத் தள்ளினாள். நனைந்த செய்தித்தாள். மண். எண்ணெய்.

இழுப்பறை திறந்து கிடந்தது. கட்டில்மேல், சுவரை ஒட்டி, தலையணை நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. புது உறை முழுக்கச் சாம்பல் நிற ரோமம். அதற்குமேல், சுவரில், ஒரு கறை.

ஒரு தலையின் அளவு.

"எப்ப எடுத்த இத?"

"ரொம்ப நாளாச்சு. இதுமேல சாஞ்சாத்தான் தூக்கம் வருது." மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவா பேசும்மா. எழுந்துடப் போறாரு."

தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது ஆழமானது. யாரோ தலையை இன்னும் வசதியாகச் சாய்த்துக்கொள்வதுபோல.

சத்தம் நின்றது.

அவள் தோளருகே மகள் மூச்சு விட்டாள். கடைசியில், மெல்லிய விசில்.