பன்னிரண்டாவது ஜோடி

பியானோவின் மூடியைத் திறந்ததும் வாய்நாற்றம் அடித்தது. பூஞ்சை இல்லை, செத்த எலியும் இல்லை. பல நாள் பல் விளக்காத ஒருவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டது போல. சுதி சேர்க்க வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டர், உள்ள என்னமோ நாறுது."

"இருபது வருஷமா ஊரார் வாயிலயே மூக்கை வெச்சிருக்கேன். எனக்கு எந்த நாத்தமும் ஏறாதும்மா," என்று சிரித்தார் பல் டாக்டர். மத்தியான நேரம், பியானோவைத் தவிர நோயாளிகள் உட்காரும் அறை காலியாக இருந்தது. "போன தடவை வந்த ஆளு எல்லா ச-ப ஜோடியையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்துட்டான். நீங்க சுத்தமா வைங்க."

அவன் கெடுக்கவில்லை, பாவம். ச-வில் புறப்பட்டு அதன் ப, அந்தப் ப-வையே ச-வாக்கி அதன் ப என்று பன்னிரண்டு ஜோடி தாண்டினால் பழைய ச-வுக்கே திரும்ப வேண்டும். பாழாய்ப்போனது, திரும்பாது, ஒரு துளி மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு ஜோடிக்கும் மயிரிழை மயிரிழையாகப் பங்கு போட்டு மறைப்பதுதான் இந்தத் தொழிலே.

"சுத்தமா வெச்சா மிச்சமெல்லாம் கடைசி ஜோடியில போய்ச் சேரும் டாக்டர். அது உறுமும்."

"உறுமட்டுமே. அந்த ரெண்டு கட்டையையும் யாரு சேத்து அமுக்கப் போறா?"

எப்படியோ போகட்டும் என்று கம்பி முறுக்கும் சாவியை எடுத்தாள். அவளுடைய வலக் காது பத்து வயதிலேயே சீழ் பிடித்துச் செத்துவிட்டது. சோறு போடுவது இடக் காது ஒன்றுதான். தலைக்குக் குளிக்கும்போதுகூட அதில் பஞ்சடைத்துக்கொள்வாள். அந்தக் காதைக் கம்பிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியாக இரண்டு சுரமும் உரசி எழும் அலைச்சல் அடங்கும்வரை முறுக்கினாள். ஒரு ஜோடி சுத்தமானதும் அங்கே நாற்றம் போய்விட்டது. ஆனால் பக்கத்தில், இன்னும் தொடாத கம்பிகளுக்கு அடியில், அதே அளவு கூடியது.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதன் அடியில் இருந்த கம்பளித் துண்டு ஈரமாக இருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பு. விரலில் கொழகொழவென்று நூல் இழுத்தது. சீ! பாவாடையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஒட்டியது.

அப்படியே மூடிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் கடைசி ஜோடியை அமுக்கிப் பார்க்காமல் எந்தச் சுதிக்காரரும் எழுந்ததில்லை. கை பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டது.

உறுமியது.

கையை எடுத்தாள். நிற்கவில்லை. கம்பிகளின் மேல் துணியை அழுத்தினாள். நிற்கவில்லை. மூடியைச் சாத்தினாள்.

இப்போது பியானோவில் நாற்றமே இல்லை. அவள் மூக்குக்குள் இருந்தது. தொண்டைக்குள் இருந்தது.

டாக்டர் எதிரே வந்து நின்றார். வாய் அசைந்தது. குரல் இல்லை. உறுமல் மட்டும்.

"ஐயோ, என் காது!" என்று கத்தினாள். அதுவும் கேட்கவில்லை.

இடக் காதைப் பொத்தினாள். உறுமல் கூடியது. உள்ளே ஏதோ ஈரமாக நகர்ந்தது. சுண்டுவிரலை விட்டுக் குடைந்தாள்.

உள்ளிருந்து எதுவோ அந்த விரலை நக்கியது.

இழுத்தாள். விரல் வரவில்லை.

மெல்ல, பல் பட்டது.