ஆர்லீத்தாவின் மண் கால்கள்

போன ஈஸ்டரை ஆர்லீத்தா மறக்கவே மாட்டாள். அவள் சித்தி பையன் க்ளியோ மறக்க விட்டால்தானே!

ஈஸ்டர் ஞாயிறன்று பிள்ளைகள் தேவாலய மேடையேறிப் பாட்டு ஒப்பிக்க வேண்டும். ஆர்லீத்தாவுக்குப் பத்து வரி. நான்காவது வரி வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்குள் புது ஷூ அவள் காலை இடுக்கி மாதிரி பிடித்துக்கொண்டது. "ஆ!" என்று கத்தி ஒற்றைக் காலில் நின்றாள். ஐந்தாவது வரி பறந்தே போய்விட்டது. சபை முழுவதும் சிரித்தது.

"கொக்கு டோய்! கொக்கு பாட்டு சொல்லுது டோய்!" அன்றிலிருந்து க்ளியோவுக்கு இதே வேலை.

ஷூவின் நீளம் சரிதான். ஆர்லீத்தாவின் பாதம் மேல்பக்கம் மேடாக இருக்கும். அது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஹேட்டன் ஊரில் ஷூ விற்பது வெள்ளைக்காரரான டாட்லாக்கின் கடை ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் அங்கே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எத்தனை ஜோடி வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆர்லீத்தா மாதிரி கறுப்பர்கள் போட்டுப் பார்க்கக் கூடாது. வீட்டிலேயே பழுப்புக் காகிதத்தில் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்துப் போக வேண்டும். அதன்மேல் ஷூவை வைத்துப் பார்த்து டாட்லாக் கொடுப்பார். சேரவில்லை என்றால் நம் தலையெழுத்து. கறுப்புக் கால் பட்ட ஷூவை வேறு யாரும் தொட மாட்டார்களாம். என்ன நியாயமோ!

இந்த வருடம் ஆர்லீத்தாவுக்கு இருபது வரி. அத்தனையும் மனப்பாடம். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே அம்மா ரூபி காகிதமும் பென்சிலுமாக வந்துவிட்டார்.

"கால வை."

"காகிதம் வேணாம்மா. அதுக்கு என் கால் நீளம் தெரியுது, அகலம் தெரியுது. உசரம் தெரியலியே!"

"அதுக்கு நான் என்னடி பண்ணட்டும்? உன் காலக் கழட்டிக் கடைக்கு அனுப்பவா?"

அம்மா எரிச்சலில்தான் சொன்னார். ஆனால் ஆர்லீத்தாவின் கண் பெரிதாக விரிந்தது.

"அனுப்பலாம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடைப் பக்கம் ஓடினாள்.

ஓடைக்கரை முழுக்கச் சிவப்புக் களிமண். ஒரு வாளி நிறைய அள்ளி வந்து பிசைந்தாள். நூலால் தன் காலைச் சுற்றிச் சுற்றி அளந்து, மேடு, குதிகால், கட்டைவிரல் எல்லாம் வைத்து இரண்டு கால்கள் செய்தாள். அடுப்பங்கரையில் காய வைத்தாள். மூன்று நாளில் அவை சுருங்கிவிட்டன.

"யாரு காலு இது? உன் பொம்மைக்கா ஷூ வாங்கப் போற?" என்று க்ளியோ விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆர்லீத்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சிரிச்சது போதும். அந்த நூலப் பிடி" என்றாள். காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று இப்போது தெரிந்துவிட்டதே! மறுபடியும் பிசைந்து, அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்தாள். இந்தத் தடவை காய்ந்த பிறகு அளந்தால் அச்சு அசல் அவள் கால். க்ளியோவே வாயைப் பிளந்தான்.

சனிக்கிழமை கடை வாசலில் அம்மா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தாளு கோபப்பட்டா நாம உடனே வெளிய வந்துரணும். எதுத்துப் பேசக் கூடாது. கேட்டுச்சா?"

"எதுத்துப் பேச மாட்டேம்மா. ஆனா இந்த வருசம் என் காலுக்குச் சேர்ற ஷூதான் வேணும்."

உள்ளே ஒரு வெள்ளைக்காரச் சிறுமி ஆறாவது ஜோடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலுறையெல்லாம் தெருச்சேறு. அவள் எழுந்து போகும்வரை இருவரும் ஓரமாக நின்றார்கள்.

"என்ன ரூபி, காகிதம் எங்க?" டாட்லாக் அம்மாவைவிட வயதில் சிறியவர். ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஆர்லீத்தா துணி மூட்டையை அவிழ்த்தாள். மேஜைமேல் இரண்டு சிவப்புக் கால்கள் நின்றன.

"என்ன கண்றாவி இது!"

"என் கால்தாங்க சார். காகிதத்துக்குப் பதிலா. என் நிஜக் கால் உங்க ஷூவுல படவே படாதுங்க."

டாட்லாக் அந்தக் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண் கால் போட்டுப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஷூவை எடுத்து மாட்டினார். பாதி வழியில் நின்றுவிட்டது.

"காகிதம் வச்சுப் பாத்திருந்தா இதத்தான் குடுத்திருப்பீங்க சார்."

அவர் அந்த ஷூவை உருவித் தள்ளி வைத்தார். இன்னொன்று எடுத்தார். அதற்குப் பிறகு இன்னொன்று. நான்காவது ஜோடி சொருகியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதற்குள் அவர் கை சிவப்பு, சட்டை சிவப்பு, நான்கு ஜோடிக்குள்ளும் செம்மண் தூள்.

"பாரு, கடையே நாறிப்போச்சு! உன் காலையே விட்டிருந்தாகூட இவ்வளவு அழுக்கு ஆகி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர் காது மண்ணைவிடச் சிவந்துபோனது.

"காலையில ரெண்டு தடவ சோப்பு போட்டுக் கழுவின கால் சார்" என்றாள் ஆர்லீத்தா மெதுவாக.

அவர் ஷூவைத் துடைத்துக் கட்டிக் கொடுத்தார்.

ஈஸ்டர் அன்று ஆர்லீத்தா இரண்டு காலையும் ஊன்றி நின்று இருபது வரியும் சொன்னாள். "கொக்கு போயிருச்சு" என்று க்ளியோ வருத்தப்பட்டான். மறுநாளே ஓடைக்கரையில் ஒரே கூட்டம். க்ளியோதான் நூல் பிடித்து அளந்தான்! அந்த மாதக் கடைசியில் டாட்லாக் கடைக்குப் பதினோரு ஜோடி மண் கால்கள் வந்து சேர்ந்தன. அடுத்த மாதம் இன்னும் அதிகம். டாட்லாக் துடைத்தார், கூட்டினார், தும்மினார்.

பருத்தி எடுப்பு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ஆர்லீத்தா மறுபடி மூட்டையோடு கடைக்குப் போனாள். அதைப் பார்த்ததுமே டாட்லாக் பதறினார்.

"ஐயோ, அந்த மண்ண வெளியவே வை! அங்க பின்னால போ. நாற்காலி போட்டிருக்கேன். காலையே நீட்டு, போதும்."

கடையின் கோடியில், வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் கண்ணில் படாதபடி ஒரு தடித்த திரை. அதற்குப் பின்னால் ஒரு கால் ஆடும் நாற்காலி. ஆர்லீத்தா நிமிர்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"சார், இங்க ஒரே இருட்டா இருக்கு. ஷூ சேருதான்னு எப்படிப் பாக்குறது? இந்தத் திரைய விலக்குங்களேன்."

டாட்லாக் அவளை முறைத்தார். ஆர்லீத்தா நீட்டிய காலை எடுக்கவில்லை. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, திரையை இழுத்து விலக்கினார்.