சாய்ந்த தோணியில் நீர்க்காகக் கூடு

“கூடு இருக்குன்னு வாயால சொன்னா தோணிக்காரர் நம்ப மாட்டாராம். குஞ்சுகளோட படம் காட்டினால்தான் திங்கட்கிழமை அந்தப் பழைய தோணியை உடைக்காம விடுவாராம். யார் போறீங்க?”

தூத்துக்குடியில் தம் பறவைக் குழுவைக் கூட்டி வைத்துச் சிரோன்மணி மேடம் இப்படிக் கேட்டு முடிப்பதற்குள் பெனிட்டா கையைத் தூக்கிவிட்டாள். துறைமுகத்துக்கு வடக்கே, அலையாத்திக் காட்டுக்குள் ஒரு பழைய சரக்குத் தோணி சாய்ந்து கிடக்கிறது, அதில் நீர்க்காகங்கள் குஞ்சு பொரித்திருக்கின்றன என்று மீனவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படமெடுத்தவர் எவருமில்லை. முதலில் எடுப்பவரின் பெயர் குழுவின் பதிவேட்டில் ஏறும். அந்த ஒரு வரிக்காகத்தான் நாலு வருஷமாய் உப்பளம் உப்பளமாக அலைந்துகொண்டிருந்தாள் பெனிட்டா.

“நல்லது! உனக்குத் தண்ணி வழி தெரியும், நீ வழிகாட்டு. ஆதிரை படம் எடுக்கட்டும், அவகிட்ட பெரிய லென்ஸ் இருக்கு,” என்றார் மேடம்.

பெனிட்டாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆதிரை குழுவில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நேற்று முளைத்த காளான்! உள்ளானுக்கும் மடையானுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்ததே பெனிட்டாதான். அப்பா வாங்கித் தந்த லென்ஸை முழங்கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தவளுக்குப் படம். பிடி உரிந்து பசை போட்டு ஒட்டிய கேமராக்காரிக்கு வழிகாட்டும் வேலை! ‘பார்த்துக்கலாம்’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் மூன்று பேர் புறப்பட்டார்கள். வள்ளத்தைத் தள்ளியவன் பெனிட்டாவின் பெரியப்பா மகன் ரீகன். வலது பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், இடது பக்கம் காடு. ஓடை குறுகிக்கொண்டே போனது. கிளைகள் முகத்தில் அடித்தன. இரண்டு இடத்தில் வள்ளம் தரைதட்ட, ரீகன் இறங்கித் தள்ளினான். ஒரு வளைவில் திரும்பினார்கள்...

“அந்தா!” என்று மூச்சை அடக்கிச் சொன்னாள் ஆதிரை.

ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்தது தோணி. அதன் கட்டைகளில், ஒடிந்த பாய்மரத்தில், ஒட்டி வளர்ந்த மரங்களில் எங்கு பார்த்தாலும் நீர்க்காகங்கள்! சில சிறகை விரித்துக் காயவைத்தன, சில கூட்டில் குந்தியிருந்தன. மேலே இரண்டு செம்பருந்துகள் வட்டமிட்டன.

“யாரும் சத்தம் போடாதீங்க. தாய்ப்பறவை எழும்பிச்சுன்னா பருந்து குஞ்சைத் தூக்கிரும்,” என்றாள் பெனிட்டா. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஆதிரை, நீ வள்ளத்துல இந்த இடத்துலயே இரு. இங்கிருந்துதான் நல்லா விழும். நான் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்த்துட்டு வாரேன்.”

பச்சைப் பொய்! வள்ளம் நின்றது தோணிக்கு மேற்கே. சூரியன் பறவைகளுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து எடுத்தால் எவ்வளவு பெரிய லென்ஸுக்கும் கரிய நிழல்தான் கிடைக்கும்; குஞ்சு எது, கூடு எது என்றே தெரியாது. படம் பிடிப்பவர்களின் பாலபாடம் அது. ஆதிரை நம்பிக்கையோடு தலையாட்டினாள்.

பெனிட்டா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். மரங்களுக்குள் பதுங்கிப் பதுங்கிக் கிழக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். ஆகா, என்ன வெளிச்சம்! பத்தே அடியில் ஒரு கூடு. இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று முன்னேறியவள் பொதுக்கென்று இடுப்பு வரை புதைந்தாள்.

உளைச்சேறு! காலை இழுக்க இழுக்க அது கீழே வாங்கியது. கெடுவான் கேடு நினைப்பான் என்பது இத்தனை சீக்கிரம் பலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வடியும் வத்தம் முடிந்து கடல் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் சலசலவென்று அவளைச் சுற்றி வந்தது.

ஒரு கூச்சல் போட்டால் ரீகன் ஓடி வருவான். ஆனால் கூச்சல் போட்டால் இருநூறு பறவைகளும் எழும்பும். பருந்துகள் இன்னும் தாழ்வாய் வட்டமிட்டன. பெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். பயத்தில் அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்த அவளைப் பறவைகள் ஆளாகவே மதிக்கவில்லை. இரை கொண்டுவந்த தாய் கூட்டில் இறங்கியது. குஞ்சு அதன் வாய்க்குள் தன் தலையையே நுழைத்துத் தொண்டையிலிருந்து மீனைப் பிடுங்கியது. அந்த நிலையிலும் அவள் விரல் சும்மா இருக்குமா? எடுத்துத் தள்ளினாள். தண்ணீர் மார்பைத் தொட்டதும் கேமராவைத் தலைமேல் வைத்துக்கொண்டு மற்றக் கையை மெல்ல உயர்த்தினாள்.

அந்தப் பக்கம் ஆதிரை, ‘இவளை இன்னும் காணோமே’ என்று லென்ஸைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தாள். தோணியின் உடைந்த பலகைக்கு நடுவே சேறு அப்பிய ஒரு கை!

ரீகன் சத்தமில்லாமல் வள்ளத்தைக் கிழக்குப் பக்கம் சுற்றிக் கொண்டுபோய், அதன் குறுக்குப் பலகையைக் கழற்றிக் கயிறு கட்டினான். “நான் ஏறினா பலகை முங்கிரும்மா. நீதான் போகணும்,” என்று அவளிடம் கிசுகிசுத்தான். ஆதிரை லென்ஸைக் கழற்றி எறியாத குறையாக வைத்துவிட்டு இறங்கினாள். பலகையில் குப்புறப் படுத்து, ஊர்ந்து ஊர்ந்து வந்து பெனிட்டாவின் கையைப் பற்றினாள். பின்னால் ரீகன் கயிற்றை இழுத்தான்.

“ஆதிரை, நான் உன்னை...”

“பேசாதே! பறவை எழும்பிடும்.”

ஒரு கால் வந்தது. மறு காலும் வந்தது, செருப்பில்லாமல். கூட்டை விட்டு ஒரு பறவைகூட எழும்பவில்லை.

மறுநாள் குழுவில் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். குஞ்சுகள் தெளிவாய்த் தெரிந்த பெனிட்டாவின் படத்தைத் தோணிக்காரருக்கு அனுப்ப, குஞ்சுகள் பறக்கும் வரை கைவைக்க மாட்டேன் என்று அவர் பதில் சொன்னார். பதிவேட்டில் பெனிட்டாவின் பெயர் ஏறியது. கைதட்டல் கூரையைப் பிளந்தது!

அடுத்து ஆதிரையின் படம் வந்தது. தங்க நிறத் தண்ணீர், கரிய தோணி, சிறகு விரித்த கரிய பறவைகள். 

“இந்த வருஷ மலருக்கு இதுதான் அட்டைப்படம்! இந்த இடத்துல உட்காரணும்னு எப்படிம்மா தோணுச்சு?” என்றார் மேடம்.

“பெனிட்டாதான் இடம் காட்டினா,” என்றாள் ஆதிரை.

மறுபடியும் கைதட்டல், இந்தத் தடவையும் பெனிட்டாவுக்கு! அவள் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து நின்றாள்.

“கெடுக்கணும்னுதான் அங்க உட்கார வச்சேன் மேடம். பொறாமையில செஞ்சேன். சேத்துல கிடந்த என்னை இழுத்ததும் அவதான்.”



“தெரியும். முதல் படம் எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு,” என்றாள் ஆதிரை.

“தெரிஞ்சுமா வந்தே?”

“பின்னே, விட்டுட்டுப் போகவா?”

பெனிட்டாவுக்குக் கண் நிறைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்தாள். “ஆனாலும் அந்த அட்டைப்படத்தைப் பார்த்தா இப்பவும் வயிறு எரியுதுட்டி.”

“நீ எடுத்த படத்தைப் பார்த்து எனக்கு மட்டும் குளிருதாக்கும்? இடுப்பளவு சேத்துல நின்னு எடுத்ததை எங்க அப்பாவால கடையில வாங்கித் தர முடியுமா?”

அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது கதை. ஒருத்திக்கு நல்ல படம் விழுந்தால் மற்றவள் “ஐயோ, எரியுதே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள், சொல்லிவிட்டு, “கொஞ்சம் தள்ளி உட்காரு” என்று பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொள்கிறாள்.