ஜன்னலில் நான்கு கம்பி

ஜன்னலில் நான்கு மரக்கம்பிகள்தான். எதிரே தெருவிளக்கை ஏற்றியதும் அவற்றின் நிழல் எதிர்ச்சுவரில் கோடு கோடாக விழும், தூளிக்குப் பக்கத்தில். இன்று ஐந்து கோடுகள் இருந்தன.

தாட்சாயிணி மறுபடி எண்ணிப் பார்த்தாள். தூளியில் ஒன்றரை வயது ராணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பூந்தமல்லிக்கு சர்க்கார் விளக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதுவரை பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொண்ட தெரு, அப்புறம் கம்பத்தடியில் உட்கார்ந்து தாயம் உருட்டியது, ஊர்வம்பு பேசியது. விளக்கேற்றும் வேலை கிடைத்த அவள் புருஷன் வரதனுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு வாந்திபேதி வந்து பத்தே நாளில் அந்தத் தெருவில் ஆறு பேரை வாரிக்கொண்டு போனது. கடைசியாகப் போனவள் அவள் மாமியார் முத்தம்மாள்.

செத்தவர் தலைமாட்டில் ஏற்றிய அகல் பதினாறு நாளும் அணையக்கூடாது. வீடு தேடி வரும் உயிருக்கு அதுதான் அடையாளம். வரதன் மூன்றாம் நாளே அதை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டான்.

“சர்க்கார் வெளக்கு வெளிச்சமே ஊட்டுக்குள்ள வந்து வியுது. தனியா இன்னாத்துக்கு ஒண்ணு?”

பெற்றவளுக்கு வைத்த விளக்கு. தாட்சாயிணிக்கு மனசே ஆறவில்லை. ஆனால் அவன் பேச்சைக் கேட்டு மற்ற ஐந்து வீடுகளிலும் அகலை எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாவது கோட்டின் உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அத்தையின் கழுத்து அப்படித்தான் இருக்கும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மண்ணெண்ணெய் வாடை. கம்பத்தடியில் ஆளில்லை. ஏரிப் பக்கம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒன்றாக அடங்கிவிட்டன.

திரும்பினாள். ஆறு கோடுகள். ஆறாவதற்குத் தலைப்பாகை இருந்தது. தூங்கும்போதுகூடத் தலைப்பாகையை அவிழ்க்காத ஜம்புலிங்கம் வாந்திபேதியில் செத்துப் பன்னிரண்டு நாளாகிறது.

வரதன் ஏணியோடு அடுத்த தெருவில் இருந்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வாசல் ஒன்றுதான். அதுவும் அந்த விளக்கடியில் திறக்கிறது. அத்தையின் இடத்தை அத்தைக்கே கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அகலைத் துடைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, திரி போட்டு, அத்தை கிடந்த இடத்தில் ஏற்றினாள்.

“அத்தே, உங்க எடம் இங்க கீது. கொயந்தைய உட்டுடுங்க.”

சுவரில் நான்கு கோடுகள்.

நான்குதான். மூச்சு வந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. இந்தத் தெருவில் இப்போது எரியும் சாவு அகல் இது ஒன்றுதான்.

ஈர மண் வாடை. கதவு சாத்தியபடியே இருந்தது. சுடர் அசையவில்லை.

அகல் வெளிச்சத்தில் தூளியின் நிழல் பெரிதாகச் சுவரில் எழுந்தது. அதைச் சுற்றி ஆறு தலைகள். தூளி ஆடியது. உள்ளே ராணி சிரித்தாள்.

தாட்சாயிணி பாய்ந்து கை நீட்டினாள். சுவரில், அவள் கைக்கு முன்னால், ஆறு கைகள் தூளிக்குள் போயின.